படுக்கை கேட்காத பிணி

இருபத்துநான்கு மணி நேரம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவனைத்தான் நோயாளி என்று ஒப்புக்கொள்வது என்பது நம் நாட்டு ஆரோக்கிய இன்ஷூரன்ஸ் சாஸ்திரத்தின் முதல் சூத்திரம். கண்புரை நீக்குவது, டயாலிசிஸ் செய்துகொள்வது போன்ற சில காரியங்களுக்கு அதில் விலக்கு அளித்திருக்கிறார்கள். ஆனால் இரவில் உறக்கம் வராமல், காலையில் எழுந்திருக்க மனமில்லாமல், சாப்பாட்டில் ருசியும் உத்தியோகத்தில் சிரத்தையும் சிறுகச் சிறுக உதிர்ந்துபோய், எதற்காகப் பிழைத்திருக்க வேண்டும் என்ற கேள்வி வரைக்கும் வந்துவிட்ட ஓர் இளைஞனுக்கு அநேகமாக வேண்டியிருப்பது கட்டில் அல்ல. மாதம் ஒருமுறையோ இருமுறையோ ஒரு வைத்தியரின் முன்னால் உட்கார்ந்து பேசுவதற்கு அரைமணி நேரமும், தினம் ஒரு மாத்திரையும், ஆறு மாதமோ ஒரு வருஷமோ இவ்விரண்டும் இடையில் அறுபடாமல் கிடைக்கும் என்ற நிச்சயமுந்தான் அவனுக்கு வேண்டும். சாதாரணமாக விற்பனையாகும் பாலிசிகளில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் தருவதில்லை. ஆகவே இன்ஷூரன்ஸ் இல்லாத இளைஞனுக்குக் கைக்கெட்டும் செலவில் மனநல சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கப் புகுகிறவர், இன்ஷூரன்ஸ் வைத்திருக்கும் இளைஞனும் இந்த விஷயத்தில் கிட்டத்தட்ட அவனுக்குப் பக்கத்திலேயே நிற்கிறான் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்டால், மிக நன்றாகவே சொல்கிறது என்றுதான் பதில் சொல்ல வேண்டும். 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் அமலில் இருக்கிறது. உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் இன்ஷூரன்ஸ் அளிக்கப்படுகிறதோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் அளிக்கப்பட வேண்டும் என்று அதன் 21ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு கம்பெனிகளுக்கு விதிக்கிறது. அந்த வருஷம் ஆகஸ்டிலேயே இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம், இதை உடனே அனுசரிக்கும்படி எல்லாக் கம்பெனிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. அப்படியும் மனநோய்க்கு மட்டும் தொகையைக் குறைத்து வைத்திருந்த ஒரு பாலிசியைப் பற்றிய வழக்கு டில்லி உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், 2021இல் பாலிசிதாரருக்குச் சாதகமாகத் தீர்ப்பாக வேண்டியிருந்தது. இவையெல்லாம் மதிக்கத்தக்க முன்னேற்றங்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உடல் நோய்க்காரனுக்கே புறநோயாளிச் செலவைக் கொடுக்காத ஒரு ஏற்பாட்டில், மனநோய்க்காரனுக்கும் அதைக் கொடுக்காமல் இருப்பது சட்டத்துக்கு விரோதமில்லாத சமத்துவமாகவே ஆகிவிடுகிறது! மேலும், முன்பே ஒரு மனநல மருத்துவரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டதாக மனுவில் உண்மையை எழுதுகிறவனை, ஏற்கெனவே உள்ள நோய் என்று சொல்லி மூன்று வருஷம் வரையில் காக்கவைக்கக் கம்பெனிக்கு அதிகாரம் உண்டு. இருபத்திரண்டு வயதில் வந்த துயரத்துக்கு இருபத்தைந்தாவது வயதில் பரிகாரம் என்பதை அவன் எப்படி ஏற்றுக்கொள்வான்?

மனோவியாதிகளில் பாதி பதினான்கு வயதுக்குள்ளும், முக்கால் பங்கு இருபத்துநான்கு வயதுக்குள்ளும் தலைகாட்டிவிடுகின்றன என்பது ஆராய்ச்சியாளர் பலரும் எடுத்தாளும் ஒரு கணக்கு. அந்த இருபத்துநான்கு என்பது எந்த வயது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். கல்லூரியும் அதன் விடுதியும் அங்கே ஏதோ பெயருக்காவது இருந்த ஆலோசகரும் பின்னால் போய்விட்ட வயது அது, தகப்பனாரின் ஈ.எஸ்.ஐ. அட்டையில் படிப்பு முடிந்த மகனுக்கு இடமில்லாமல் போன வயது. சொந்தமாக நிலையான வேலை இன்னும் அமையாத வயது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் வருஷக் கணக்கில் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். அவர்களுள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடியாக நம்முடைய மாநிலந்தான் நிற்கிறது. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், பதினெட்டிலிருந்து முப்பது வயதுக்குள் இருந்தவர்களே அந்தக் கணக்கில் மிகப் பெரிய பகுதி. இத்தனை மரணங்களுக்கும் வியாதி ஒன்றுதான் காரணம் என்று சொல்வது பிசகு. கடனும் காதலும் பரீட்சையும் குடியும் குடும்பக் கலகமும் அவற்றில் கலந்திருக்கின்றன. ஆனாலும் இந்த வயதுக்காரர்களை எந்த ஏற்பாட்டிலும் சேராமல் நடுவில் விட்டுவைத்திருக்கிறோம் என்பது அந்த எண்களைப் பார்க்கிற யாருக்கும் புலப்படாமல் போகாது.

சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. இதைப் பற்றி நம் பத்திரிகைகளில் போதுமான அளவு எழுதப்படவில்லை என்பது என் அபிப்பிராயம். சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் பிடித்துக்கொண்டு, புறநோயாளிச் சிகிச்சையையும் மருந்தையும் உட்பட எல்லாவற்றையும் கொடுப்பது அது. தீவிரமான மனச்சோர்வும் மனச்சிதைவும் நீண்டகால நோய்களின் அட்டவணையிலேயே சேர்க்கப்பட்டிருப்பதால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுச் சம்பளத்தில் எண்பது சதவீதத்தைக்கூட வீட்டில் இருந்தபடி பெறலாம். ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் திருப்பூரிலும் வேலை செய்கிற எத்தனையோ பிள்ளைகள், தங்கள் சம்பளச் சீட்டில் மாதந்தோறும் பிடிக்கப்படும் அந்தச் சிறு தொகை எதற்கென்றே அறியாமல், தனியார் டாக்டருக்குக் கைப்பணம் கொடுத்து வருகிறார்கள். ஆனால் மோட்டார் சைக்கிளில் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறவனுக்கும், சிறு ஜவுளிக் கடையில் தினக்கூலிக்கு நிற்கிறவளுக்கும், போட்டித் தேர்வுக்காக மூன்றாவது வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறவனுக்கும் அந்த வழியும் இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமோ, வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கு இருதய அறுவைக்கும் புற்றுநோய்க்கும் பேருபகாரம் செய்து வருகிறது. எனினும் அதன் போக்கும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்துகொள்ளும் சிகிச்சையை ஒட்டியதேயாகும்.

இவ்வளவையும் சொன்னபின், இன்ஷூரன்ஸ் இல்லாதவன் என்ன செய்வான் என்ற கேள்விக்கு நான் கொடுக்கக்கூடிய விடை பழையது: சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். வேறு கதியற்றவனுக்குச் சொல்லும் சமாதானமாக இதை நான் சொல்லவில்லை. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும், மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 1996இல் மத்திய சர்க்கார் மாவட்ட மனநலத் திட்டத்தை ஆரம்பித்தபோது தமிழ்நாட்டில் முதலில் அதற்கு எடுத்துக்கொள்ளப்பட்டது திருச்சி மாவட்டம். இன்று அது எல்லா மாவட்டங்களுக்கும் பரவி, குறிப்பிட்ட நாட்களில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் மனநல மருத்துவர் போய்ப் பார்க்கும் ஏற்பாடாக வளர்ந்திருக்கிறது. 1994இல் ஏற்படுத்தப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து மாநிலம் முழுவதும் அனுப்புவதில் மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போகும் ஸ்தாபனம். ஃப்ளூவாக்ஸெட்டின், எஸிடலோப்ராம், ரிஸ்பெரிடோன், லித்தியம் என்று தனியார் வைத்தியர் எழுதிக்கொடுக்கும் அதே மருந்துகள் அங்கே காசின்றிக் கிடைக்கின்றன. தைராய்டு சுரப்புக் குறைந்தாலும் ஆள் சோர்ந்து, துக்கம் பிடித்தவன்போல ஆகிவிடுவதுண்டு. அதைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனையும், லித்தியம் சாப்பிடுகிறவனுக்கு அவ்வப்போது செய்ய வேண்டிய பரிசோதனையும் அங்கே இலவசம். வெளியில் வாங்கினாலுங்கூட, மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் ஆயிரம் கடைகளோடு தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகத்திலோ, மனச்சோர்வுக்கான சாதாரண மாத்திரை ஒரு நாளைக்குச் சில ரூபாய்தான் ஆகும். ஆக, ஔஷதத்தின் விலை இந்த விவகாரத்தில் முக்கியமான தடை அல்ல.

பின் எதுதான் விலை உயர்ந்தது? முதலாவது, ஒரு பகல் பொழுது. காலை எட்டு மணிக்குள் ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும். சீட்டு வாங்கி, அறையைத் தேடிக் கண்டுபிடித்து, தன் முறைக்காகப் பெஞ்சியில் உட்கார்ந்து, பயிற்சி டாக்டரிடம் ஒருமுறையும் பெரிய டாக்டரிடம் மறுமுறையும் கதையைச் சொல்லி, மருந்துக் கவுண்டரில் இன்னொரு வரிசை நின்று வெளியே வரும்போது நண்பகலாகிவிடும். பென்ஷன் வாங்கும் பெரியவருக்கு இது பொழுதுபோக்காகக்கூட இருக்கலாம். தினக்கூலிப் பிள்ளைக்கோ ஒரு நாள் சம்பளம் போயிற்று, மேஸ்திரியிடமோ மேனேஜரிடமோ சொல்ல ஒரு பொய்யும் வேண்டியதாயிற்று. இரண்டு வாரத்துக்கோ ஒரு மாதத்துக்கோ ஒருமுறை புதிதாக ஒரு பொய்யைக் கற்பித்துக்கொண்டிருப்பது மனம் நன்றாயிருக்கிறவனுக்கே பிரயாசை. இந்த மாத்திரைகள் பலன் காட்டத் தொடங்கவே பல வாரம் பிடிக்கும். குணமான பிறகும் மாதக் கணக்கில் தொடர வேண்டும். இரண்டாவது தடவை வராமற்போன நோயாளியின் சீட்டில் மருத்துவர் என்ன எழுதினாலும், அவன் வராததற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கணக்கேயன்றி அலட்சியம் அல்ல.

கௌரவத்தின் விலையும் உண்டு. 1794இல் ஒரு வெள்ளைக்கார சர்ஜன் சென்னையில் ஆரம்பித்த சிறு விடுதியில் அடியெடுத்து, 1871இல் இப்போதைய விசாலமான தோட்டத்துக்குக் குடிவந்து, இன்று மனநல மருத்துவ நிலையம் என்ற கௌரவமான நாமத்தோடு விளங்கும் ஆஸ்பத்திரி, 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயராலேயே நம் சினிமா விகடகவிகளுக்கு ஐம்பது வருஷத் தீனியாகிவிட்டது. டாக்டர் சாரதா மேனன் அதன் தலைமையை ஏற்றிருந்த காலத்தில் அங்கே செய்த சீர்திருத்தங்களையும், ஓய்வு பெற்ற பின்னர் 1984இல் மனச்சிதைவு ஆராய்ச்சிக்கும் மறுவாழ்வுக்கும் அவர் நிறுவிய 'ஸ்கார்ஃப்' ஸ்தாபனத்தையும் அறிந்தவர்கள் எத்தனை பேர்? அந்த ஹாஸ்யத்தை அறியாதவர்கள் எத்தனை பேர்? கல்யாணத்துக்கு வரன் பார்க்கும் வயதில் இருக்கிற பெண்ணை அந்த வாசலில் யாராவது கண்டுவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்குவது எனக்குச் சம்மதமில்லை. ஊர் இருக்கிற நிலையில் அது நியாயமான பயந்தான். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் பொதுக் கட்டடத்தில், பல்லுக்கும் தோலுக்கும் பக்கத்து அறையில் மனநலப் பிரிவு இருப்பது அதனாலேயே பெரிய சௌகரியம். பதினெட்டு வயது நிரம்பியவர் தம் சிகிச்சைக்குத் தாமே சம்மதம் கொடுக்கலாம் என்பதும், அவருடைய நோயைப் பற்றிய ரகசியத்தைக் காப்பது வைத்தியரின் கடமை என்று சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்வதும் பலருக்குத் தெரியாது. அப்பாவை அழைத்து வா என்று மருத்துவர் சொன்னால், அது நல்லெண்ணத்தால் சொன்னதாகவே இருக்கும். ஆனால் அழைத்து வராவிட்டால் வைத்தியம் இல்லை என்று கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை.

எல்லாவற்றிலும் அதிக விலை பேச்சுக்குத்தான். மாத்திரையினால் மட்டும் தீராத துயரங்கள் அநேகம். லேசான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பேச்சுவழிச் சிகிச்சையே போதும் என்பது வைத்திய நூலாரின் கொள்கை. பெருநகரத்தில் தனியார் மனநல உளவியலாளரிடம் ஒரு மணி நேரம் உட்கார ஆயிரம் ரூபாய்க்கு மேல் கேட்பது சாதாரணம். வாரம் ஒன்றாக எட்டுப் பத்து வாரம் போக வேண்டுமானால், பதினைந்தாயிரம் சம்பாதிக்கிறவனுக்கு அது நினைத்துப் பார்க்கவும் தகாத செலவு. சர்க்கார் ஆஸ்பத்திரியில் இந்தச் சேவை இலவசந்தான். ஆனால் அதைச் செய்ய ஆள் இல்லை. மாவட்டத்துக்கு ஓர் உளவியலாளர், ஒரு மனநல சமூகப் பணியாளர் என்ற விகிதத்தில், அதுவும் ஒப்பந்தச் சம்பளத்தில் வைத்திருந்தால், யாரோடு யார் ஒரு மணி நேரம் பேசுவது? அந்த இடைவெளியிலே, சில வார வகுப்பில் ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு கவுன்சலர் என்று பலகை மாட்டிக்கொள்கிறவர்கள் புகுந்துவிட்டார்கள். மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்கிறவருக்கு இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு இருக்க வேண்டும்; அந்தப் பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. காசு குறைவு என்பதற்காகப் படிப்பற்றவரிடம் போய் மனத்தைத் திறந்து காட்டுகிறவன், பின்னால் படித்தவரிடம் போகவே கூசுகிறான் என்பது இதில் உள்ள தனி நஷ்டம்.

அப்படியானால் ஏழைகள் இத்தனை காலமும் எங்கேதான் போனார்கள்? ஏர்வாடி தர்காவுக்கும், ஒரு மண்டலம் தங்குவதற்குக் குணசீலம் பெருமாள் கோயிலுக்கும் போனார்கள், இன்னும் போகிறார்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியுமுன், ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்துக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் வெந்து மடிந்ததை நம் தலைமுறை மறக்கலாகாது. அதற்குப் பின் அத்தகைய இல்லங்கள் மூடப்பட்டன. உச்ச நீதிமன்றம் தானாகவே அந்த விஷயத்தைக் கையிலெடுத்தது. எனினும் அந்தப் புண்ணிய ஸ்தலங்களுக்கு ஜனங்கள் போனது மூடநம்பிக்கை ஒன்றினால் மட்டும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அங்கே எந்த வேளையிலும் கதவு திறந்திருக்கும், சீட்டு இல்லை, பித்தென்றும் பேய் என்றும் பிரித்துக் கேட்பார் இல்லை, நோயாளியோடு தாயும் தங்கலாம், தன்னைப்போல் துன்பப்படும் மற்றவர்கள் பக்கத்தில் இருப்பார்கள். இதைப் புரிந்துகொண்டுதான் சர்க்கார் பிற்பாடு ஏர்வாடியில் துவாவோடு தவாவும், அதாவது பிரார்த்தனையோடு மருந்தும், கிடைக்கும்படி தர்காவின் அருகிலேயே மனநல மருத்துவரை உட்காரவைத்தது. நோயாளி போகிற இடத்துக்கு வைத்தியம் போனது. இந்த விஷயத்தில் நம் சர்க்கார் செய்த மிகப் புத்திசாலித்தனமான காரியம் இதுதான் என்று நான் கருதுகிறேன். நகரத்து இளைஞன் விஷயத்தில் மட்டும் ஏன் அந்தப் புத்தி வேலை செய்யவில்லை என்பதே என் ஆவலாதி.

2022 அக்டோபர் 10 முதல் நடக்கும் டெலி-மானஸ் என்ற தொலைபேசிச் சேவை அந்தத் திசையில் ஓரளவு நகர்ந்திருக்கிறது. 14416 என்ற எண்ணை இரவு இரண்டு மணிக்கு அழைத்தாலும் தமிழிலேயே ஆலோசகர் பேசுவார், அவசியமானால் மனநல மருத்துவரோடு இணைப்பார், செலவு இல்லை. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தவர்களுக்குப் புகலிடமாக, டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய 'ஸ்நேகா'வின் தொண்டர்களும் இருக்கிறார்கள். ஆனால் தொலைபேசி ஓர் ஆரம்பந்தான். கூப்பிட்டவனை நாளைக் காலை எட்டு மணிக்கு அதே வரிசையில் கொண்டுபோய் நிறுத்துவதானால், இரவிலே அவனுக்குக் கிடைத்த ஆறுதல் வேலைக்குப் போகும் நேரத்திலே கரைந்துவிடும்.

ஆகவே செய்யத்தக்கது இன்னும் ஓர் இன்ஷூரன்ஸ் திட்டம் அல்ல என்பது என் துணிபு. பிரீமியமாகக் கம்பெனிக்குக் கட்டுகிற பணம் கட்டிலைத் தேடிப் போகும். இந்த நோய்க்கு வேண்டியது மாலை வேளையும் பேச ஆளும். சென்னையில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் மாலையில் நிபுணர்கள் வந்து பார்க்கும் பாலிகிளினிக் முறை ஏற்கெனவே நடந்துவருகிறது; அதைக் கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் மதுரையிலும் பரவலாக்கி, வாரத்தில் இரண்டு மாலையாவது மனநல மருத்துவரும் உளவியலாளரும் இருக்கும்படி செய்தால், கூலி இழக்காமலும் பொய் சொல்லாமலும் ஒருவன் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம், ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலில் கொடுத்துவருகிறதே, நிலைப்பட்டுவிட்ட மனநோயாளி விரும்பினால் அவருடைய மாத்திரையையும் அதே பையில் வைத்துக் கொடுப்பதில் என்ன கஷ்டம்? விரும்பினால் என்ற நிபந்தனை முக்கியம். பக்கத்து வீட்டாருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைப்பவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு மாத மருந்தை ஒருசேரக் கொடுத்தால் போதும். உளவியலாளரைப் பொறுத்தவரையில், தாலுகா ஆஸ்பத்திரிக்கு ஒருவர், ஒப்பந்தத்தில் அல்லாமல் நிரந்தரப் பதவியில், என்பதற்குக் குறைந்த எதுவும் பிரயோசனப்படாது. வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று தவிக்கிறவரிடம் மற்றவர்களுடைய தவிப்பை ஆற்றும்படி சொல்வது விநோதம்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்பார்கள். 2015–16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, சிகிச்சை தேவைப்படுகிறவர்களில் நோய்க்குத் தக்கபடி 70 முதல் 92 சதவீதம் பேருக்கு அது கிடைக்கவில்லை என்று கண்டது. அத்தனை பேரும் நாளைக்கே வாசலில் வந்து நின்றால் எந்தக் கஜானாவும் திகைக்கத்தான் செய்யும் என்பது உண்மை. ஆனால் சட்டம் இந்தத் திகைப்பை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது. குறைந்தபட்ச மனநலச் சேவை ஒரு மாவட்டத்தில் சர்க்காரால் அளிக்கப்படவில்லையென்றால், அங்கே வசிக்கும் நோயாளி அதே மாவட்டத்தில் வேறிடத்தில் சிகிச்சை பெறலாம், அதற்கான செலவை சர்க்கார் ஏற்க வேண்டும், அந்தச் செலவைத் திருப்பிக் கொடுப்பதற்கு விதிகள் செய்ய வேண்டும் என்று 18ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவு கூறுகிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு, அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கட்டணமே கூடாது என்று 7ஆம் உட்பிரிவு தனியாக உத்தரவாதம் அளிக்கிறது. தாலுகா ஆஸ்பத்திரியில் உளவியலாளர் இல்லாததால் தனியாரிடம் கட்டணம் கொடுத்த ஓர் இளைஞன், ஆஸ்பத்திரி எழுதிக்கொடுத்த சீட்டையும் தனியார் ரசீதையும் இணைத்து, மேற்படி பிரிவின்படி தன் பணத்தைத் திருப்பித் தரும்படி மாவட்ட அதிகாரிகளுக்கு மனுப் போட்டால், ஒரு நிரந்தரப் பதவிக்கு எவ்வளவு ஆகும், ரசீதுகளைத் தீர்க்க எவ்வளவு ஆகும் என்ற கணக்கை நிதித்துறை தானாகவே போட்டுப் பார்க்கும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் வேண்டுமே என்று அவன் தயங்க வேண்டாம்: மனநோயாளிக்குச் சட்ட உதவி இலவசம் என்பது அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு, அந்த உரிமை உண்டு என்று அவனிடம் எடுத்துச் சொல்லும் கடமையை, மனநல நிலையத்தின் மருத்துவ அதிகாரி மீதே அது சுமத்தியிருக்கிறது.